நானூற்றுப் பதினேழின் பிள்ளைகள்

ஏகா மரத்தின் அடி இலை ஓரம் மஞ்சளாகியிருப்பதை முதலில் பார்த்தது பவுனுத்தாய்தான். ஏணியின் நாலாவது படியில் நின்று பக்கத்து வரிசை மரத்தின் பூ மடலை விலக்கிக்கொண்டிருந்தவள், கையிலிருந்த ஆண்பூவை மடியில் போட்டுக்கொண்டு இறங்கி வந்தாள். இலைக்காம்பைத் தொட்டதும் அது ஒடிந்து தொங்கியது. இடுப்பிலிருந்த சிறு அரிவாளால் மரத்தின் அடியில் ஒரு கீறு கீறினாள். வெள்ளையாக இருக்க வேண்டிய உட்புறத்தில் செங்காவிக் கோடுகள் மேல்நோக்கி ஓடின.

அந்தக் கோடுகளை அவள் மறக்கவில்லை. பதினாறு வருடங்களுக்கு முன்பு அவளுடைய ஒன்றரை ஏக்கர் ரஸ்தாளி முழுவதும் இதே கோடுகளோடுதான் சாய்ந்தது. அவளுடையது மட்டுமா, கம்பம் பள்ளத்தாக்கில் ரஸ்தாளி, பூவன், நாடன் என்று நின்ற அத்தனை வாழையும் நாலே வருடத்தில் வாடல் நோயில் போயிற்று. அதற்குப் பிறகு வந்ததுதான் ஏகா. ஒரு கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் மரபணுவைத் திருத்திச் செய்த வாழை. வாடல் நோய் அதைத் தொடாது. தார் ஒவ்வொன்றும் இரண்டு ஆள் தூக்கும் கனம். ஆனால் பக்கக்கன்று மட்டும் விடாது. அதையும் திருத்தித்தான் வைத்திருந்தார்கள். தார் வெட்டினால் மரத்தின் கதை முடிந்தது. அடுத்த கன்றுக்குக் கம்பெனி வாசலில்தான் போய் நிற்க வேண்டும். குறைபட்டுக்கொண்டே எல்லோரும் போய் நின்றார்கள். வேறு வாழை எங்கே இருந்தது?

பவுனுத்தாய் நிலத்தை விட்டுவிட்டு ஆராய்ச்சிப் பண்ணையில் பூச்சேர்க்கும் வேலைக்கு வந்தாள். அப்போது அது அரசாங்கப் பண்ணை. ஆறு வருடம் கழித்து அதையும் கம்பெனி குத்தகைக்கு எடுத்தது.

அவள் பண்ணை விஞ்ஞானி டாக்டர் பெனிலாவைக் கூட்டிவந்து கீறலைக் காட்டினாள். பெனிலா நாகர்கோவில்காரர், பயிர் மரபியல் படித்தவர், பவுனுத்தாயைவிடப் பதிமூன்று வயது இளையவர். மண்ணில் மண்டியிட்டு அந்தக் கோடுகளை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"டாக்டரம்மா, இது அதுதானே?"

"அதேதான் அக்கா. ஆனா பழசு இல்ல. பழைய பூஞ்சை ஏகாவத் தொடாதுல்லா. இது மாறி வந்திருக்கு."

"ஒரு மரத்துக்குத்தான வந்திருக்கு? வெட்டி எரிச்சுட்டா விட்ராதா?"

பெனிலா எழுந்து கையைத் தட்டிக்கொண்டார். "ஒரு மரம்னு யாரு சொன்னா? இந்த நாட்டுல நிக்குத ஏகா அத்தனையும் ஒரே மரந்தான் அக்கா. ஒரு மரத்துல இருந்து கிள்ளிக் கிள்ளி எடுத்த துண்டுதான் எல்லாம். இதால இந்தப் பூஞ்சையத் தாங்க முடியலன்னா, அதுல ஒண்ணாலயும் தாங்க முடியாது."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பக்கத்து வரிசையைத் திரும்பிப் பார்த்தார்கள். அதே நோய்பிடித்த மண்ணில், ஆறடி தள்ளி, நானூற்றுப் பதினேழு நின்றது. இலை ஒன்றுகூடப் பழுக்கவில்லை. அடியில் மூன்று பக்கக்கன்றுகள் கத்தி முனைபோல் எழும்பி நின்றன.

நானூற்றுப் பதினேழு, பவுனுத்தாயும் மற்ற ஒன்பது பெண்களும் கையால் பெற்ற மரம். வாழையில் விதை எடுப்பது லேசில்லை. காட்டு வாழையின் ஆண்பூவைக் கொண்டுவந்து, பண்ணையில் காப்பாற்றி வைத்திருந்த பழைய ரகங்களின் பெண்பூவில் விடிந்ததும் தடவ வேண்டும். பை கட்ட வேண்டும். மூன்று மாதம் கழித்துத் தார் பழுத்ததும் ஒவ்வொரு பழத்தையும் பிசைந்து தண்ணீரில் சலிக்க வேண்டும். வருடம் முழுக்கச் சலித்தாலும் ஒரு கைப்பிடி விதை தேறாது. அப்படித் தேறிய விதைகளில் முளைத்த நானூற்றுப் பதினேழாவது செடி அது. தார் கனம், நல்ல ருசி, நோய் அண்டாது. ஒரே ஒரு குறை. பழத்துக்கு ஐந்தாறு விதை இருந்தது, மிளகுபோல் கறுப்பாக, கடினமாக. 'கல் இருக்கும் பழம் விற்காது' என்று கம்பெனிக் கமிட்டி அதைத் தள்ளிவிட்டது. கன்று விடுகிற வாழையை, விதை வேறு போடுகிற வாழையை, கம்பெனி ஏன் வெளியே விடப்போகிறது என்று பெனிலா அன்றைக்கே சொன்னார்.

பெனிலா அறிக்கை அனுப்பினார். மூன்றாம் நாள் மேனேஜர் கௌசிக் சென்னையிலிருந்து வந்தார். நல்ல மனிதர்தான். தோட்டத்துப் பெண்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், நலம் விசாரிப்பார். அன்றும் விசாரித்தார். பிறகு ஆணையை வாசித்தார். சோதனைத் தோட்டம் முழுவதும் திங்கட்கிழமை எரிக்கப்படும். மரம், கன்று, சேமித்த விதை எதுவும் மிஞ்சக்கூடாது. நோயைப் பற்றி யாரும் வெளியே பேசக்கூடாது.

"நானூத்திப் பதினேழுல நோயே இல்ல சார்," என்றார் பெனிலா.

"மண்ணு ஒண்ணுதானே மேடம்? சட்டம் தோட்டத்தத்தான் பாக்கும், மரத்த இல்ல."

"வெளிய சொல்லாம இருந்தா, சனங்க இன்னும் ஏகாவத்தானே நடுவாங்க?"

"சொன்னா என்ன ஆகும்? நாளைக்கே பீதி கிளம்பும். எங்க லேப்ல அடுத்த ஏகா ரெடியாகிட்டு இருக்கு. இரண்டு வருஷம், அதிகம் போனா மூணு வருஷம்."

ஓரமாக நின்றிருந்த பவுனுத்தாய் கேட்டாள். "அந்த மூணு வருசம் சனம் என்னத்தத் திங்கும் சார்?"

கௌசிக் அவளைப் பார்த்தார். கேள்வி தனக்குத்தானா என்று சந்தேகப்படுகிறவர்போல் ஒரு கணம் நின்றார். "அதெல்லாம் நிர்வாகம் பாத்துக்கும்மா," என்றுவிட்டுக் காரில் ஏறினார்.

பவுனுத்தாய் பதினாறு வருடத்துக்கு முன்பு சாய்ந்த மரங்களுக்கு நடுவில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். அப்போது செய்வதற்கு ஒன்றும் இல்லை. இப்போது இருக்கிறது. இருந்தும் சும்மா இருந்தால் தான் என்ன மனுஷி என்று தோன்றியது.

பண்ணை வாசலில் ஒரு மோப்பக் கூண்டு இருந்தது. உள்ளே போய் நின்றால் காற்றை உறிஞ்சிப் பார்க்கும். கூடையில், சேலை மடிப்பில், கொண்டை இடுக்கில் ஒரு விதையோ இலைத் துணுக்கோ இருந்தாலும் ஊளையிடும். போன வருடம் ஒரு பெண் தலையில் வைத்திருந்த கனகாம்பரத்துக்கே ஊளையிட்டது. கன்றைக் கடத்த வழியில்லை. பெனிலா அதைத்தான் யோசித்து யோசித்து நம்பிக்கை இழந்திருந்தார்.

"கன்னு வேணாம் டாக்டரம்மா," என்றாள் பவுனுத்தாய். "வெதை போதாதா?"

"விதையையும் பிடிச்சுருமே அக்கா."

"வவ்வாலு எந்த வாசல் வழியா கொண்டு போகுது?"

பெனிலாவுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "அக்கா, மாட்டுனா அஞ்சு வருஷம் உள்ள போடுவானுவ. உங்கள எல்லாரையும்."

"மாட்டுனாத்தான?"

சனிக்கிழமை கடைசி வேலைநாள். சலிப்புக் கொட்டகையில் நானூற்றுப் பதினேழின் இரண்டு தார் பழுத்துக் கிடந்தன. திங்கட்கிழமை அவையும் நெருப்புக்குத்தான். பத்துப் பெண்களும் எப்போதும்போல் உட்கார்ந்து பழத்தைப் பிசைந்து சலித்தார்கள். மதியத்துக்குள் எழுநூறு விதைகள் சேர்ந்தன. பவுனுத்தாய் அவற்றைப் பத்துக் கூறாகப் பிரித்து வைத்து, விஷயத்தைச் சொன்னாள்.

செல்லக்கிளிதான் முதலில் வாய் திறந்தாள். கொட்டகையில் அவளுக்குத்தான் பயம் அதிகம், வாயும் அதிகம்.

"ஏ மதினி, உனக்கென்ன கிறுக்குப் பிடிச்சிருக்கா? எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைக இருக்கு. வேலை போனா எங்கிட்டுப் போவேன்?"

"வேலை திங்கக்கெழம போகப்போகுதுடி. தோட்டத்த எரிச்சப்பெறகு உன்னய என்னத்துக்கு வச்சுக்கிருவான்?"

"அதுக்காக ஜெயிலுக்குப் போவியா?"

"இந்தா, இதப் பெத்தது யாரு? கம்பெனிக்காரனா? எம்புட்டு நாளு ஏணியில நின்னு காலு வீங்கிக் கெடந்தோம். எம் பிள்ளைய என் கண்ணு முன்னாடி எரிப்பான், நான் கைகட்டிப் பாத்துக்கிட்டு நிக்கணுமா? என்னால ஆகாது. உன்னால ஆனா நீ நில்லு."

பவுனுத்தாய் தன் கூறை உள்ளங்கையில் அள்ளி வாயில் போட்டு, தூக்குச்சட்டியிலிருந்த மோரைக் குடித்து விழுங்கினாள். அடுத்தவளும் அள்ளினாள். ஒருத்தி விக்கினாள், மற்றவள் முதுகில் தட்டினாள். கடைசியில் செல்லக்கிளி, "மோரு மிச்சமிருக்கா, இல்ல அதையும் நீங்களே குடிச்சுட்டீகளா?" என்று கையை நீட்டினாள்.

ஐந்து மணிக்கு வாசலில் வரிசை நின்றது. பவுனுத்தாய் கூண்டுக்குள் போனாள். காற்று உறிஞ்சும் சத்தம் கேட்டது. பச்சை விளக்கு எரிந்தது. வெளியே வந்ததும்தான் மூச்சு விட்டாள். அடுத்து இரண்டு பேர் வந்தார்கள். நாலாவதாக நின்ற செல்லக்கிளியின் முகம் வெளிறியிருந்தது. கை வயிற்றைப் பிடித்திருந்தது.

"என்னம்மா, வயித்துல என்ன?" என்றான் காவலாளி.

"ஒண்ணுமில்லண்ணே. வலி."

"என்ன வலி? உள்ள என்ன சாப்ட்ட? இங்கிட்டு வந்து நில்லு. சூப்பர்வைசரக் கூப்பிடுறேன்."

அந்த நேரத்தில் பெனிலா வரிசையைத் தாண்டி வேகமாக வந்தார். "எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு," என்று சொல்லிக் கூண்டுக்குள் நுழைந்தார்.

கூண்டு ஊளையிட்டது. சிவப்பு விளக்கு சுழன்றது. காவலாளிகள் நாலா பக்கமிருந்தும் ஓடிவந்தார்கள். பெனிலாவின் கைப்பையில், கைக்குட்டையில் சுற்றிய ஏகா தண்டின் துண்டு இருந்தது, செங்காவிக் கோடுகளோடு. ஒருவன் அவர் கையைப் பிடித்தான். இன்னொருவன், "எல்லாம் வெளிய போங்க, கூட்டம் போடாதீங்க," என்று மீதிப் பெண்களைப் பக்கத்துக் கதவு வழியாகத் தள்ளிவிட்டான்.

பெனிலா பவுனுத்தாயைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் பார்க்காதது எதற்கென்று பவுனுத்தாய்க்குப் புரிந்தது. அவளும் அழாமல் நடந்தாள்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் நடந்ததை எந்தப் பெண்ணும் விவரமாகச் சொல்லவில்லை. சொல்லாமலே பத்துப் பேருக்கும் தெரியும். வெளியே வந்த விதைகளைக் கழுவி ஊறவைத்து, கொல்லையில் சாக்கடைத் தண்ணீர் ஓடும் ஈரத்தில் ஊன்றினார்கள். பண்ணையிலிருந்து இரண்டு நாள் புகை வந்துகொண்டிருந்தது. ஐம்பது நாள் கழித்துப் பவுனுத்தாயின் கொல்லையில் முதல் முளை சுருட்டிய காகிதம்போல் எட்டிப்பார்த்தது. பத்து வீட்டிலுமாக இருநூற்று அறுபத்திரண்டு முளைத்தன.

பெனிலாவுக்கு இரண்டு வருடச் சிறை. தண்டுத் துண்டைத் திருடியதாகவும், பொய்யான நோய்ப் பீதியைக் கிளப்ப முயன்றதாகவும் குற்றச்சாட்டு. இனி எந்த ஆய்வுக்கூடத்திலும் அவர் வேலை பார்க்க முடியாது.

தீர்ப்பு வந்த ஏழாம் மாதம் அந்தப் பொய் பள்ளத்தாக்குக்குள் வந்தது. முதலில் ஆற்றோரத் தோட்டங்கள், பிறகு மேட்டு நிலங்கள், பிறகு பக்கத்து மாவட்டங்கள். ஒரே மரமாக நின்றது ஒரே மரமாகச் சாய்ந்தது. கல்யாண வீடுகளில் காகித இலை போட்டார்கள். தார் ஏற்றிய லாரிகள் வெறுமனே நின்றன. வெட்டுக்கூலி ஆட்கள் குடும்பத்தோடு செங்கல் சூளைக்குப் போனார்கள். அடுத்த ஏகா வந்தபாடில்லை.

கொல்லைச் செடிகளிலும் நூற்றுக்கு மேல் செத்தன. மிஞ்சியவை ஒன்றுபோல் ஒன்று இல்லை. ஒன்று நெடுநெடுவென்று வளர்ந்து இலையாகத் தள்ளியது, தாரே போடவில்லை. ஒன்றின் காய் விரல் அளவுதான், ஆனால் தேன். செல்லக்கிளி வீட்டில் குலை தள்ளிய முதல் மரத்தில் பழம் முழுக்க விதை, சதை நக்குவதற்குக்கூட இல்லை. அவள் அந்தப் பழத்தோடு நேரே பவுனுத்தாய் வீட்டுக்கு வந்தாள்.

"உன் பேச்சக் கேட்டுக் கல்ல முழுங்குனேன். பாரு, கல்லாவே காய்ச்சிருக்கு. வேலையும் போச்சு, மூணு வருசமும் போச்சு."

பவுனுத்தாய் தன் மரத்தில் பழுத்த சீப்பில் பாதியை அறுத்து அவள் மடியில் வைத்தாள். அதில் பழத்துக்கு இரண்டு மூன்று விதைதான் இருந்தது. இலேசான புளிப்போடு இனித்தது. செல்லக்கிளி திட்டிக்கொண்டே தின்றாள். போகும்போது அதன் விதைகளை எடுத்துக்கொண்டு போனாள்.

கம்பெனியின் காதுக்கு விஷயம் போகாமல் இருக்குமா? ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் இரண்டு ஜீப் வந்தது. ஒன்றில் கௌசிக். இன்னொன்றில் பயிர் உரிமை ஆணையத்தின் அதிகாரி இளவழகன், கருவிப் பெட்டியோடு. ஊர் திரண்டுவிட்டது. சிறையிலிருந்து வந்து, பவுனுத்தாய் வீட்டிலேயே தங்கியிருந்த பெனிலாவும் வாசலில் வந்து நின்றார்.

"இது நானூத்திப் பதினேழு. எங்க பேர்ல பதிவான சொத்து," என்றார் கௌசிக். "யார் கொல்லைல நின்னாலும் சீல் வைக்கணும். வளர்த்தவங்க மேல கேஸ் போடணும்."

"டெஸ்ட் பண்ணிட்டுச் சொல்றேன் சார்," என்றார் இளவழகன்.

பவுனுத்தாய் அவரையே கொல்லைக்குக் கூட்டிப்போனாள். ஒளிக்க ஒன்றும் இல்லை என்பதுபோல் ஒவ்வொரு மரமாகத் தட்டிக் காட்டினாள். அவர் இலையில் பொட்டளவு கிள்ளிக் கருவிக்குள் போட்டார். திரையைப் பார்த்தார். அடுத்த மரம். அதற்கடுத்தது. பத்து வீட்டுக் கொல்லையும் முடிய மதியம் ஆயிற்று. கருவியை மூடினார்.

"ஒண்ணுகூடப் பொருந்தல சார்."

கௌசிக்கின் முகம் மாறியது. "எப்படிப் பொருந்தாம போகும்? எங்க மரத்தோட விதைல இருந்து வந்தது."

பெனிலா அப்போதுதான் பேசினார். "அதான் சார் காரணம். கன்றும் துண்டும் தாய் மரத்தோட நகல். விதை நகல் இல்ல, பிள்ளை. காட்டு வாழைல பாதி, பழைய ரகத்துல பாதின்னு நானூத்திப் பதினேழுக்குள்ள இருந்தது ஒவ்வொரு விதைலயும் ஒவ்வொரு மாதிரி கலைஞ்சு விழுந்திருக்கு. ஒரு வயித்துப் பிள்ளைகளா இருந்தாலும் ஒரே பிள்ளை கிடையாதுல்லா? அதனாலதான் எந்த நோய் வந்தாலும் இதுல சிலது சாகும், சிலது நிக்கும்."

"பிள்ளையா இருந்தாலும் எங்களுதுதான்."

இளவழகன் சட்டப் பிரதியை எடுத்துப் புரட்டினார். "'பதிவு பெற்ற பயிரின் மரபு ரேகையோடு முற்றிலும் ஒத்த பயிர்' அப்படின்னுதான் சார் இருக்கு. வாழைக்குன்னு தனியா இந்த வார்த்தைய எழுதிக் கொடுத்தது உங்க வக்கீல்கள்தான். வாழைன்னா நகல்தான, விதையில இருந்து வரும்னு அப்ப யாரும் நினைக்கல."

கூட்டத்தில் யாரோ விசிலடித்தார்கள். கௌசிக் குரலை உயர்த்தினார். "அப்போ இதெல்லாம் பதிவு செய்யாத ரகம். பதிவு இல்லாம வளர்க்கறதும் தப்புதானே?"

"ஆமா. பதிவு பண்ணணும்," என்றார் அதிகாரி. அவருக்கே கொஞ்சம் சங்கடமாக இருந்தது. "ஒவ்வொண்ணையும் தனி ரகமா."

"எழுதிக்கிருங்க சார்," என்றாள் பவுனுத்தாய். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காந்து எழுதுங்க."

அவர் படிவத்தைத் திறந்தார். "ரகத்தோட பேரு?"

"நெட்டச்சி."

"உருவாக்கியவர்?"

"பவுனுத்தாய்."

"தொழில் தகுதி?"

"பதிமூணு வருசம் ஏணியில நின்னு பூவுக்குப் பூ சேத்து வச்சவ. அப்படியே எழுதுங்க. ஒரு எழுத்தும் கொறையக்கூடாது."

அவர் எழுதினார். பத்துப் பெண்களும் வரிசையாக வந்து நின்றார்கள். செல்லக்கிளி, "கல்லுக்காயையும் எழுதுங்க, அதுவும் எம் மரந்தான்," என்று சண்டை பிடித்து எழுதவைத்தாள். இருபத்தெட்டாவது மரத்தோடு அவர் கொண்டுவந்த படிவம் தீர்ந்துபோயிற்று. இன்னும் நூற்றுக்கு மேல் இருந்தது.

அதற்குள் பவுனுத்தாய் கொல்லையில் பழுத்த தாரை இறக்கி வாசலுக்குக் கொண்டுவந்திருந்தாள். பக்கத்து ஊர்களிலிருந்து ஏகாவை இழந்தவர்கள் செய்தி கேட்டு வந்திருந்தார்கள். ஜீப்புக்கு முன்னாலேயே உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு பழமாக அவள் நீட்டினாள். "தின்னுட்டு வெதையத் துப்பாதீக. ஒரு கொல்லையில ஒண்ண மட்டும் நம்பாதீக, கொறஞ்சது பத்து ஊனுங்க. பாதி சாகும், பயப்படாதீக," என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். கூட்டம் வாங்கித் தின்றது. விதைகள் முந்தானைகளிலும் சட்டைப் பைகளிலும் முடிந்துகொள்ளப்பட்டன.

"பாத்துட்டு நிக்கறீங்களே," என்றார் கௌசிக். "தடுங்க அவங்கள."

இளவழகன் பேனாவை மூடினார்.

"என்னன்னு எழுதித் தடுக்கறது சார்? அந்த விதைக்குள்ள எந்த ரகம் இருக்குன்னு முளைச்சுக் காய்க்கிற வரைக்கும் எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது."